பழைய கார் வாங்கிட்டீங்களா? பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி ஆர்சி, சேஸிஸ் நம்பரை சரி பண்ணுங்க

தேங்காய்க் களத்து ஷெட்ல உரமூட்டைக்கு நடுவுல நின்னுட்டு இருந்த 1967 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்னை சில வருஷத்துக்கு முன்னாடி வாங்கினேன். வித்த பெரியவர், "புக்கு பரண்ல எங்கயோ கெடக்கும் தம்பி, தேடி எடுத்து வைக்கறேன், நீங்க வண்டிய ஓட்டிட்டுப் போங்க"ன்னார். எங்க ஓட்டறது, நாலு டயரும் மண்ணோட மண்ணா இருந்துச்சு, டோ வண்டி வச்சுத்தான் கொண்டு வந்தோம். ஆர்சி புக்கு கெடச்சுச்சு, அது உண்மைதான். ஆனா அதுல இருந்த பேர் பெரியவரோடது இல்ல, அவங்க மாமனார் யாருகிட்ட வாங்கினாரோ அந்த ஆளோடது. அது போதாதுன்னு சேஸிஸ் நம்பர்ல, அதாவது வண்டியோட அடையாள நம்பர்ல, கடைசி டிஜிட் புக்குல 3, வண்டில இருக்கற தகட்டுல 8. இந்த ஒரு பேரையும் ஒரு டிஜிட்டையும் சரி பண்ண எனக்கு பதினாலு மாசம் ஆச்சு. அதுல பாதி மாசம் எதை முதல்ல பண்ணனும்னு தெரியாம அலைஞ்சதுதான், அதனாலதான் இதை எழுதறேன்.

முதல்ல எந்த ரிஜிஸ்ட்ரேஷன் வேணும்னு முடிவு பண்ணுங்க, ஏன்னா நெறய பேரு இங்கயே குழம்பறாங்க. நம்ம நாட்டுல பழைய காருக்கு ரெண்டு வழி இருக்கு. ஒன்னு சாதா வழி, பழைய ஆர்சியை ஃபார்ம் 25 போட்டு, வண்டிய காட்டி, 5 வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிச்சுட்டே போறது. இன்னொன்னு 2021 ஜூலைல மத்திய மோட்டார் வாகன விதிகள்ல சேர்த்த விண்டேஜ் வழி. முதல் ரிஜிஸ்ட்ரேஷன் ஆகி 50 வருஷம் தாண்டின, வாடகைக்கு ஓடாத சொந்த உபயோக கார், டூ வீலருக்கு மட்டும் இது. சேஸிஸ், பாடி, இன்ஜின் இதுல பெருசா எதையும் மாத்தியிருக்கக் கூடாது. புதுசா ரிஜிஸ்டர் பண்ண 20,000 ரூபா, 10 வருஷத்துக்கு செல்லும், அப்புறம் திரும்ப எடுக்க 5,000. புது நம்பர் வாங்கினா மாநில எழுத்துக்கு அடுத்து வி.ஏ.ன்னு வரும், ஆனா ஏற்கனவே இந்தியாவுல ரிஜிஸ்டர் ஆன வண்டின்னா பழைய நம்பரையே வச்சுக்கலாம்.

கேக்க நல்லா இருக்கில்ல? ஆனா விண்டேஜ்ல போட்டீங்கன்னா அந்த வண்டிய தினசரி ரோட்ல ஓட்ட முடியாது. ராலி, கண்காட்சி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் பாக்க, இதுக்கு மட்டும்தான் வெளிய எடுக்கலாம். ஞாயித்துக்கிழமை காலைல குடும்பத்தோட டிஃபன் சாப்பிட போறது அந்த லிஸ்ட்ல இல்ல. அதனால என் கருத்து, ஆர்சி உயிரோட இருந்தா, இல்ல உயிர் கொடுக்க முடியும்னா, சாதா வழிலயே போங்க. ஃபீஸ் ஏறிடுச்சுதான், 15 வருஷம் தாண்டின காருக்கு 600 இருந்தது 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு, 20 வருஷம் தாண்டினதுக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க, கூடவே பசுமை வரியும் கட்டணும். இருந்தாலும் வண்டிய ஓட்டலாமே. எந்த வழில போனாலும் பேரும் நம்பரும் சரியா இருந்தாத்தான் ஃபைலு நகரும், அதனால மிச்ச கதை ரெண்டுக்கும் ஒன்னுதான்.

இப்போ நம்பர். வண்டிய வீட்டுக்கு கொண்டு வந்த அன்னிக்கே டிங்கர்கிட்ட விட்டுடாதீங்க, தயவு செஞ்சு. டிங்கருக்கு துரு கண்ணுல பட்டா கிரைண்டர் கை தானா போயிடும், நம்பர் இருந்த எடம் பளபளன்னு ஆயிடும், அதுக்கு மேல ஒரு கோட் பட்டி, ஒரு கோட் பிரைமர், அவ்ளோதான் உங்க வண்டியோட அடையாளமே போச்சு. மொதல்ல நம்பர் எங்க எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க. இது மாடலுக்கு மாடல் மாறும். என் ஹெரால்டுல பானட்டைத் தூக்கினா ஃபயர்வால்ல, அதாவது இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கற சுவர்ல, ரிவெட் அடிச்ச தகடு ஒன்னு, இன்ஜின் பிளாக்ல குத்தின நம்பர் தனியா. அம்பாசிடர், ஃபியட் 1100 வச்சிருக்கறவங்க அதே மாடல் ஓட்டற பழைய மெக்கானிக் ஒருத்தரை கூட்டிட்டு வந்து காட்டச் சொல்லுங்க, அவங்க கண்ண மூடிட்டு கை வைப்பாங்க.

எடம் தெரிஞ்சதும் கிளீன் பண்றதுக்கு முன்னாடியே ஒரு ஃபோட்டோ எடுத்துடுங்க, அழுக்கோட. அப்புறம் துணில மண்ணெண்ணெயோ தின்னரோ தொட்டு மெதுவா துடைங்க, பழைய டூத் பிரஷ் போதும். வயர் பிரஷ், எமரி ஷீட் பக்கத்துலயே கொண்டு போகாதீங்க, நாளைக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் பாக்கும்போது நம்பரைச் சுத்தி கீறல் இருந்தா அவருக்கு மொதல்ல வர்ற சந்தேகமே வேற. துடைச்சதும் டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சு ஃபோட்டோ எடுங்க, பள்ளம் நிழலா விழும், தேய்ஞ்ச டிஜிட் கூட தெரியும். கடைசியா மெல்லிசான பேப்பரை மேல வச்சு பென்சிலை படுக்க வச்சு தேய்ச்சு டிரேஸ் எடுங்க. அந்த பென்சில் டிரேஸ்தான் ஆர்டிஓ ஆபீஸ்ல ஃபார்ம்ல ஒட்டித் தர சொல்வாங்க. ஒன்னு எடுக்காதீங்க, ஒரு அஞ்சாறு எடுத்து வையுங்க, ஒவ்வொரு டேபிள்லயும் ஒன்னு கேப்பாங்க.

இன்னொரு விஷயம், இப்போ வர்ற வண்டிக்கு 17 எழுத்து நம்பர் இருக்கும், அதுல ஐ, ஓ, க்யூ மூனு எழுத்தும் வராது, ஒன்னு, ஜீரோவோட குழம்பக் கூடாதுன்னு. நம்ம காலத்து வண்டிக்கு அந்த ஸ்டாண்டர்டே கெடையாது, நம்பர் சின்னதா இருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும், அதுல ஐ எது ஒன்னு எதுன்னு பாத்து எழுதின கிளர்க்குக்கு என்ன தோணுச்சோ அதுதான் புக்குல இருக்கும். "நம்பர் சின்னதா இருக்கே, பாதி காணோமா சார்"னு யாராச்சும் கவுன்டர்ல கேட்டா பயப்படாதீங்க, அந்த வருஷத்து வண்டிக்கு அவ்ளோதான்.

டிரேஸ் கைல வந்ததும் அடுத்து பண்ண வேண்டியது, எல்லாரும் விட்டுடறது, பி ரிஜிஸ்டர் எக்ஸ்ட்ராக்ட். உங்க கைல இருக்கற ஆர்சி புக்கு ஒரு காப்பிதான், ஒரிஜினல் பதிவு ஆர்டிஓ ஆபீஸ் ரிஜிஸ்டர்ல இருக்கு. முதல் ஓனர் யாரு, எந்தெந்த தேதில பேர் மாறுச்சு, இன்ஜின் நம்பர் என்ன, சேஸிஸ் நம்பர் என்ன, கடன் இருந்துச்சா, எல்லாம் அதுல இருக்கணும். அந்த எக்ஸ்ட்ராக்டை முறைப்படி அப்ளை பண்ணி வாங்குங்க. "ரெக்கார்டு இல்ல சார், அதெல்லாம் கரையான் தின்னுருச்சு"ன்னு வாய்ல சொல்லி அனுப்பினா, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமை சட்டத்துல ஒரு மனு போடுங்க, 30 நாள்ல எழுத்துல பதில் வரணும். எனக்கு வாய்ல இல்லன்னு சொன்ன ரிஜிஸ்டர் மனு போட்ட மூனாவது வாரம் கெடச்சுது. கரையான் துப்பிடுச்சு போல.

எந்த ஆபீஸ்ல கேக்கணும்ங்கறதும் ஒரு தலைவலி. 1989 ஜூலைக்கு முன்னாடி பதிவான வண்டிக்கு, மெட்ராஸ் மாநில காலத்துல எம்.எஸ்., எம்.டி., தமிழ்நாடுன்னு ஆனப்புறம் டி.எம்., டி.என்., டி.எஸ்.னு ஆரம்பிச்சு இன்னொரு எழுத்து சேர்த்து நம்பர் வரும். அப்போ ஒரு மாவட்டத்துக்கு ஒரு ஆபீஸ், இன்னிக்கு அதே மாவட்டம் நாலா ஒடஞ்சு இருக்கும், அதனால உங்க ஊர்ல இருக்கற புது ஆபீஸ்ல கேட்டா இருக்காது, தாய் ஆபீஸ் எதுன்னு கேட்டு அங்க போகணும். ரொம்ப பழைய வண்டின்னா இன்னும் சிக்கல், ஆந்திரா 1953ல பிரிஞ்சுது, மலபார் 1956ல கேரளாவுக்கு போச்சு, அதுக்கு முன்னாடி மெட்ராஸ் நம்பர்ல பதிவான வண்டியோட ஃபைல் இப்போ வேற மாநிலத்து ஆபீஸ்ல இருக்க வாய்ப்பு இருக்கு.

ஆர்டிஓ ஆபீஸ்ல இப்போ வச்சிருக்கற 'வாகன்' கம்ப்யூட்டர் பதிவுல நம்பர் போட்டா எதுவும் வரலன்னா அதுக்காக வண்டி செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. புக்கு காலத்து பதிவை யாரும் கம்ப்யூட்டர்ல ஏத்தலன்னு அர்த்தம். பேக்லாக் என்ட்ரி போடச் சொல்லி மனு குடுக்கணும். போடும்போது பக்கத்துல நின்னு பாருங்க, ஒரு தடவ தப்பா ஏறிட்டா அதை திருத்தறது புது கதை.

எக்ஸ்ட்ராக்ட், புக்கு, டிரேஸ், மூனையும் ஒன்னா டேபிள்ல வையுங்க, உங்க பிரச்சனை என்ன ரகம்னு அப்பதான் தெரியும்.

எனக்கு நடந்தது லேசான ரகம். ரிஜிஸ்டர்ல மசில கையால எழுதின 8, மேல் வளையம் மங்கிப் போய் பாக்க 3 மாதிரியே இருந்துச்சு. நடுவுல யாரோ புக்கு தொலைச்சு டூப்ளிகேட் வாங்கியிருக்காங்க, அதை எழுதினவர் 3ன்னு எழுதிட்டார், அதுல இருந்து எல்லா பேப்பர்லயும் 3. இன்ஜின் நம்பர் மூனுலயும் ஒன்னா இருந்ததால என் பக்கம் பலமா இருந்துச்சு. எழுத்துப் பிழை, திருத்தித் தாங்கன்னு மனு, எக்ஸ்ட்ராக்ட், டிரேஸ், ஃபோட்டோ, நோட்டரி அஃபிடவிட், இதோட வண்டிய நேர்ல காட்டி இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் எழுதினார், திருத்திட்டாங்க. இன்சூரன்ஸ்லயும் அதே பழைய தப்பு நம்பர் இருக்கும், அதையும் கையோட மாத்திடுங்க.

ரெண்டாவது ரகம், துருவுல நம்பர் அழிஞ்சது. இதுல ஒரே ஒரு விதிதான், நீங்களா பஞ்ச் அடிக்காதீங்க. லேத்து பட்டறைல அம்பது வருஷத்து ஸ்டைல்லயே அச்சு இருக்கு அண்ணே, அடிச்சுத் தர்றேன்னு சொல்வாங்க. அடிச்சா அது பாக்க திருட்டு வண்டி, நீங்கதான் கேஸுக்கு பதில் சொல்லணும். ஆர்டிஓவுக்கு மனு போட்டு, வண்டிய காட்டி, அவர் எழுத்துல அனுமதி குடுத்தப்புறம், அவர் சொல்ற மாதிரி, அவர் சொல்ற எடத்துலதான் திரும்ப பஞ்ச் பண்ணனும். சந்தேகம் இருந்தா தடயவியலுக்கு கூட அனுப்பலாம், அனுப்பட்டும், உங்ககிட்ட அழுக்கோட எடுத்த ஃபோட்டோ இருக்குல்ல. திருட்டு லிஸ்ட்ல இல்லன்னு காட்ட தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட வாகன் சமன்வய் செக் ஒன்னையும் பிரிண்ட் எடுத்து சேர்த்துக்குங்க.

மூனாவது, இன்ஜின் மாத்தின வண்டி. டீசல் வெலை கம்மியா இருந்த காலத்துல பெட்ரோல் அம்பாசிடர்ல மாட்டடோர் வேனோட டீசல் இன்ஜினை எறக்கினவங்க எத்தன பேரு. இதை ஆர்சில ஏத்தியிருந்தா சாதா வழில பிரச்சனை இல்ல, ஏத்தலன்னா மோட்டார் வாகன சட்டம் பிரிவு 52ல அனுமதி கேக்கணும், இன்ஜின் வாங்கின பில்லு கேப்பாங்க, முப்பது வருஷத்துக்கு முன்னாடி காயலான் கடைல வாங்கினதுக்கு ஏது பில்லு. விண்டேஜ் வழில இந்த வண்டி நிக்கவே நிக்காது. அதே மாடல் ஒரிஜினல் இன்ஜின் ஒன்னு பில்லோட கெடச்சா அதை போட்டு, ஏத்திடறதுதான் எனக்குத் தெரிஞ்சு நல்ல வழி.

நாலாவது ரகத்தைப் பத்தி ஒரே வரிதான். "வண்டி ஒன்னு இருக்கு, புக்கு தனியா ஏற்பாடு பண்ணிடலாம்"னு புரோக்கர் சொன்னா எழுந்து வந்துடுங்க. செத்த வண்டியோட புக்கும் தகடும் மட்டும் விலைக்குப் போகுது, அந்த தகட்டைப் பிடுங்கி இந்த வண்டில ரிவெட் அடிப்பாங்க, ரிவெட் தலை மட்டும் புதுசா மினுங்கறதை வச்சு கண்டுபிடிக்கலாம்.

நம்பர் முடிஞ்சுது, இப்போ பேரு. நம்பரை விட இதுதான் மனுஷனை சாகடிக்கும். ஆர்சில பேர் இருக்கறவர் உயிரோட இருந்தா அதிர்ஷ்டம், ஃபார்ம் 29, ஃபார்ம் 30ல அவர் கையெழுத்து, அடையாள அட்டை காப்பி, முடிஞ்சுது. நடுவுல ரெண்டு பேரு கை மாறி இருந்தாலும் சட்டப்படி வித்தவர் ஆர்சில இருக்கறவர்தான், நடு ஆள் கையெழுத்துக்கு மதிப்பு இல்ல. வெத்து ஃபார்ம்ல முப்பது வருஷம் முன்னாடி வாங்கி வச்ச கையெழுத்தை நம்பாதீங்க, ஆளையே கூப்பிட்டு கேப்பாங்க.

அவர் எறந்துட்டார்னா முதல்ல வாரிசு பேருக்கு மாறணும், அப்புறம்தான் உங்களுக்கு. ஃபார்ம் 31, இறப்புச் சான்றிதழ், தாசில்தார் குடுத்த வாரிசு சான்றிதழ், மத்த வாரிசுங்க எல்லாரும் ஆட்சேபணை இல்லன்னு அஃபிடவிட். நாலு பேர்ல ஒருத்தர் துபாய்ல, ஒருத்தரோட இன்னொருத்தருக்கு பேச்சு வார்த்தை இல்ல, இது எல்லா குடும்பத்துலயும் உண்டு. எனக்கு அந்த முதல் ஆளோட மகளைக் கண்டுபிடிக்கவே நாலு மாசம். கடைசில புக்குல இருந்த பழைய அட்ரஸ் தெருல இஸ்திரி போடற அண்ணன்தான், "ரெட்டை மாடி வீட்டு அக்காவா, அவங்க பொண்ணு வீட்டுக்கு போயிட்டாங்களே"ன்னு வழி சொன்னார். அந்தம்மா வண்டி ஃபோட்டோவைப் பாத்துட்டு, "இதுலதான் எங்கப்பா என்ன காலேஜுல கொண்டு போய் விட்டார்"னாங்க, கையெழுத்து போட ஒத்த ரூபா கேக்கல. பின் சீட்ல ஒரு தடவ உக்காந்து பாக்கணும்னு மட்டும் கேட்டாங்க.

ஆளும் இல்ல, வாரிசும் கெடைக்கலன்னா? ஆர்சில இருக்கற அட்ரஸுக்கு ஒப்புகையோட ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்க (பழைய ரிஜிஸ்டர் தபால் 2025ல அதோட சேர்ந்துடுச்சு), திரும்பி வந்த கவரைப் பிரிக்காம அப்படியே வையுங்க, அதுதான் சாட்சி. பேப்பர்ல விளம்பரம் குடுங்க. வாங்கின ரசீது, வரி கட்டின ரசீது, பழைய இன்சூரன்ஸ், எது உங்க கை வசம் வண்டி இருந்ததைக் காட்டுதோ எல்லாத்தையும் சேருங்க. இதெல்லாம் வச்சு ஆர்டிஓ ஒத்துக்கறதும் ஒத்துக்காததும் ஆளைப் பொறுத்தது, ஒத்துக்கலன்னா சிவில் கோர்ட்ல, வண்டி என்னோடதுன்னு தீர்ப்பு கேக்கற உரிமை விளம்புகை வழக்குதான், அதுக்கு வருஷக்கணக்குல ஆகலாம், வண்டியோட மதிப்பு அதுக்கு தாங்குமான்னு நீங்கதான் கணக்கு போடணும்.

புக்கு தொலைஞ்சிருந்தா ஃபார்ம் 26, அதை ஆர்சில பேர் இருக்கறவர்தான் போடணும். தமிழ்நாடு போலீஸ் இணையதளத்துல தொலைந்த ஆவண அறிக்கை அஞ்சு நிமிஷத்துல எடுத்துடலாம். ஆனா புக்கு யாருகிட்டயோ அடமானத்துல இருக்கும்போது தொலைஞ்சுதுன்னு எழுதாதீங்க, மாட்டுவீங்க.

கடன் என்ட்ரி இன்னொரு பூதம். ஆர்சில ஹெச்.பி.ன்னு ஒரு பேங்க் பேர் இருக்கும், அந்த பேங்கே இப்போ இருக்காது. பேங்க் ஆஃப் மதுரா 2001ல ஐசிஐசிஐல சேர்ந்துடுச்சு, பேங்க் ஆஃப் தமிழ்நாடு 1990ல இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்ல சேர்ந்துடுச்சு. சேர்ந்த பேங்க்ல போய் கடன் பாக்கி இல்லன்னு லெட்டரும் ஃபார்ம் 35ல கையெழுத்தும் வாங்கணும். பிராஞ்ச் மேனேஜர், சார் நான் பொறக்கறதுக்கு முன்னாடி லோன்னு சிரிப்பார், நீங்களும் சிரிச்சுட்டு ஹெட் ஆபீஸுக்கு எழுதுங்க. மூடிப்போன ஃபைனான்ஸ் கம்பெனின்னா கம்பெனி பதிவாளர்கிட்ட அது கலைஞ்சதுக்கான பேப்பர் எடுத்து மனுவோட சேருங்க.

வெளி மாநில வண்டிக்கு பழைய ஆபீஸ்ல ஃபார்ம் 28 என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லன்னு சான்றிதழ்) வாங்காம இங்க எதுவும் ஆரம்பிக்காதீங்க. இங்க வந்து புது நம்பர் போட்டா பழைய நம்பர் போயிடும், அழகான பழைய பிளேட்டுக்காகவே வாங்கினவங்க இதை வாங்கறதுக்கு முன்னாடியே யோசிக்கணும்.

விண்டேஜ்தான் வேணும்னு முடிவு பண்ணிட்டா மேல சொன்னதெல்லாம் முடிஞ்சப்புறம் ஃபார்ம் 20, இன்சூரன்ஸ், ஃபீஸ், பழைய ஆர்சி. இறக்குமதி வண்டின்னா சுங்கத்துல குடுத்த பில் ஆஃப் என்ட்ரி. விண்டேஜ் வண்டிய பரிசோதிக்கன்னே இருக்கற மாநில கமிட்டி வண்டிய பாக்கும், எல்லாம் சரியா இருந்தா 60 நாளுக்குள்ள ஃபார்ம் 23ஏல சர்டிஃபிகேட். ஆஸ்டின், மோரிஸ், எம்ஜி மாதிரி இங்கிலாந்துல செஞ்ச வண்டின்னா அங்க கேடன்ல இருக்கற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துல ஃபேக்டரி ரெக்கார்டு வச்சு ஹெரிடேஜ் சர்டிஃபிகேட் தர்றாங்க. உரிமைக்கு அது சாட்சி ஆகாது, ஆனா இந்த சேஸிஸ்ல இந்த இன்ஜின்தான் வந்துச்சுன்னு கமிட்டி முன்னாடி காட்ட அதை மாதிரி பேப்பர் வேற இல்ல.

எங்கயாச்சும் முடியாதுன்னு சொன்னா, எழுத்துல குடுங்க சார்னு கேளுங்க. எழுத்துல வந்தா மோட்டார் வாகன சட்டம் பிரிவு 57ல 30 நாளுக்குள்ள அப்பீல் போகலாம், வாய்ல சொன்னதுக்கு அப்பீல் கெடையாது. மனு எது குடுத்தாலும் தபால் செக்‌ஷன்ல சீல் வச்ச காப்பி இல்லாம வெளிய வராதீங்க. பதிலே வரலன்னா ஹைகோர்ட்ல ரிட் போட்டு, என் மனுவை இத்தன வாரத்துல பரிசீலிக்க உத்தரவு போடுங்கன்னு கேக்கலாம், எனக்கு அதுவரைக்கும் போகற நிலைமை வரல.

பதினாலாவது மாசம் கார்டு தபால்ல வந்துச்சு, கவரைக் கிழிச்சு மொதல்ல சேஸிஸ் நம்பரைத்தான் பாத்தேன், 8. பேரு சரி, அப்பா பேரு சரி. கலர்னு போட்டிருந்த எடத்துல மட்டும் வெள்ளை. வண்டி அப்போ துருவும் பிரைமருமா நின்னுட்டு இருந்துச்சு, ஒரிஜினல் கலர் இளம்பச்சை, அதைத்தான் அடிக்கறதா பெயின்டர்கிட்ட அட்வான்ஸ் வேற குடுத்திருந்தேன். மறுநாள் காலைல பத்து மணிக்கு அதே கவுன்டர்ல போய் நின்னேன், உள்ள இருந்தவர் தலையைத் தூக்கிப் பாத்துட்டு, "ஹெரால்டு சாரா, இப்ப என்ன"ன்னார்.